மாந்தோப்பில் வர்க்கம்

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலை வாசலில் லோடு ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். அதில் ஒருவருக்கு மூன்று ஏக்கர் பெங்களூரா ரக மாந்தோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் எந்த வர்க்கம்? காய் பறிக்கும் கூலியாட்களுக்கு அவர் முதலாளி. ஆலைக்காரரிடம் அந்த முதலாளித்தனம் செல்லாது. பறித்த காய் அழுகிவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். காத்திருக்க முடிந்தவர் சொல்வதுதான் விலை.

வருமானக் கணக்கில் இது சிக்காது. உற்பத்திக்கு வேண்டியது யார் கையில், உழைப்பை விற்றுப் பிழைப்பவர் யார் என்று கார்ல் மார்க்ஸ் கேட்டார். சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் சந்தையில் ஒருவருக்குள்ள பேர பலத்தை வர்க்கம் என்றும், ஊர் தரும் மரியாதையை அந்தஸ்து என்றும் பிரித்தார்.

மானுடவியலாளர்கள் இந்தப் பேச்சுக்குத் தாமதமாகத்தான் வந்தார்கள். உறவுமுறை, சடங்கு, பழங்குடி என்று இருந்தவர்கள் அவர்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் ஆய்வு செய்து திரும்பிய லாயிட் வார்னர், 1930களில் அதே கண்ணோடு அமெரிக்காவின் நியூபரிபோர்ட் நகரத்துக்குள் போனார். யார் யாரை மதிக்கிறார்கள் என்று ஊராரிடமே கேட்டு, ஆறு வர்க்கங்கள் என்று அடுக்கினார். அவர் அளந்தது வெபர் சொன்ன அந்தஸ்தைத்தான் என்ற விமர்சனம் உடனே கிளம்பியது. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

நம் பக்கத்தில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றில் தங்கிச் செய்த ஆய்வு 1965இல் வெளிவந்தது. சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் முன்பு பெரும்பாலும் ஒரே கைகளில் இருந்தன. நிலம் விற்பனையாலும் தேர்தல் அரசியலாலும் அவை ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன என்று அவர் காட்டினார்.

சரி, நிலக்காரர், குத்தகைதாரர், கூலி என்ற தஞ்சாவூர் நெல்வயல் பிரிவு தர்மபுரியின் மானாவாரிக் காட்டில் ஒட்டுமா? அங்கே ஒரே ரேஷன் கார்டில் எத்தனை வர்க்கம் இருக்க முடியும் என்று பாருங்கள். அப்பா சொந்த நிலத்தில் ராகி போடுகிறார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். மூத்தவன் பெங்களூரில் கட்டட வேலை, இளையவன் ஓசூர் சிப்காட் ஆலையில். மழை பொய்த்த வருடம் கட்டடக் கூலிதான் விதை வாங்குகிறது. பெங்களூரில் வேலை நின்றால் மகனுக்கு அந்த ராகிதான் சோறு. ஆளுக்கொரு கட்டத்தில் டிக் அடிக்கும் கணக்கெடுப்பு இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தவறவிடும். வீட்டிலேயே தங்கிப் பார்க்கிற மானுடவியல் முறைக்கு வேலை இருப்பது இங்கேதான்.

இளையவனுடைய ஆலையிலும் ஒரு கோடு உண்டு. ஒரே வேலையை நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்யலாம். சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் வேறு. பெண் கேட்டுப் போனால் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே பெண் வீட்டார் கேட்டுவிடுவார்கள்: “மாப்பிள்ளை பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?”