நாரி விறைக்கும், பெருவிரல் ஆடும்

வயலிலும் உழவு இயந்திரத்தின் குலுக்கலிலும் நாரி போன ஆட்களுக்கு வன்னியில் குறைவில்லை. எங்கள் பெரியப்பாவும் அப்படித்தான். எண்ணெய், பத்து, பிளாஸ்டர் எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் முள்ளந்தண்டில் ஒப்பரேசன் என்று ஆனபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, நோவுக்கு முதுகில ஊசி போட்டால் கால் இழுத்துப்போடுமோ?”

நியாயமான பயம்தான். ஆனால் ‘எரெக்டர் ஸ்பைனே பிளேன் புளொக்’ (முதுகை நிமிர்த்துகிற தசைக்குக் கீழே போடும் விறைப்பு ஊசி) என்கிற இந்த ஊசி, முள்ளந்தண்டுக்குள் ஓடுகிற முண்ணாண் என்ற பெரிய நரம்புக் கயிற்றின் பக்கமே போவதில்லை. ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் இடையால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நரம்பு வெளியே வரும், வந்த கையோடு இரண்டாகப் பிரியும். நாரிப் பக்கத்தில் பெரிய முன்கிளை காலுக்குப் போகும், சின்னப் பின்கிளை முதுகுத் தசைக்கும் தோலுக்கும் போகும். கத்தி பட்டு நோகிற இடம் பெரும்பாலும் பின்கிளையின் காணிதான். இரணைமடுக் குளத்தின் துருசை (மதகை) மூடாமல் உங்கள் வயலுக்குத் திரும்புகிற வாய்க்காலில் மட்டும் நாலு மண்வெட்டி மண் வெட்டிப் போடுவது மாதிரி, அந்தப் பின்கிளையை மட்டும் அடைத்தால் போதும்.

எப்படி அடைப்பது? ஆட்டிறைச்சி வெட்டும்போது தசைக்கும் தசைக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு சவ்வு வருமே, அதைப் போல முதுகை நிமிர்த்துகிற தசைக்கும் அதன் அடியில் இருக்கிற எலும்புக்கும் இடையில் ஒரு மெல்லிய இடுக்கு உண்டு. ஆள் மயக்கத்தில் குப்புறக் கிடக்கும்போது அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் பார்த்தால் எலும்பு வெள்ளைத் திட்டியாகத் தெரியும், அதற்குக் கீழே கறுப்பு நிழல். ஊசி அந்தத் திட்டியைத் தொட்டதும் மருந்தைத் தள்ளுவார்கள், தசை மெல்ல மேலே எழும்பும். பக்கத்துக்குச் சுமார் 20 மில்லிலீற்றர் போனால், மருந்து அந்த இடுக்கு வழியே மேலும் கீழும் பரவி நாலைந்து முள்ளெலும்பின் பின்கிளைகளை நனைத்துவிடும். இந்த முறையை முதலில் 2016இல்தான் எழுதினார்கள், அதுவும் நெஞ்சுக்கூட்டில் வருகிற நரம்பு நோவுக்கு. முன்கிளைவரை மருந்து எவ்வளவு போகிறது என்று மருத்துவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

மருந்து பியுபிவக்கெயின் மாதிரி ஒரு விறைப்பு மருந்து. நோவுச் செய்தி ஓடவேண்டுமென்றால் நரம்புக்குள் சோடியம் பாயவேண்டும், இது சோடியம் பாய்கிற வாசலில் குந்திவிடும். அளவு கூடி இரத்தத்தில் ஏறினால் வலிப்பும் இதயக் கோளாறும் வரலாம், அதனால் ஆளின் நிறையைப் பார்த்துத்தான் அளப்பார்கள்.

கால் விறைக்காதது சும்மா சொகுசுக்காக இல்லை. உள்ளே இரத்தம் கட்டி நரம்பை நசுக்கினால் அது காலில் தெரியும், அதற்காகத்தான் கண் முழித்ததும் “ஐயா, பெருவிரலை ஆட்டுங்கோ” என்கிறார்கள். மோர்பின் என்ற கடும் நோ மருந்தும் குறைவாகப் போதும், அதாவது சத்தியும் மலச்சிக்கலும் குறையும்.

ஒரு தரம் போட்டால் அரை நாள் அளவுக்குத் தாங்கும், அப்புறம் நோ திடீரென்று எழும்பலாம். ஆகவே நோகாவிட்டாலும் தந்த குளிசையை நேரத்துக்குப் போடவேண்டும். பெரியப்பா “இப்ப ஒண்டும் நோகேல்லையே” என்று பனடோலைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டார். விடியப்புறம் மூன்று மணிக்கு அதைத் தேடித் தடவினார். பெருவிரலை மட்டும் அதற்குள் நூறு தரம் ஆட்டிப் பார்த்திருப்பார்.