ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்த்து லேபுக்கு ரவுட்டர் வாங்காதீர்கள்

போன வாரம் இன்னொரு பள்ளி. முப்பது கணினிகள், செய்முறைத் தேர்வு நாள், பாதித் திரைகளில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பீரோ மேல் ஆறு ஆன்டெனா வைத்த வீட்டு ரவுட்டர். "இருக்கிறதிலேயே விலை கூடினதுதான் சார் வாங்கினோம்" என்றார் ஆசிரியர். இதை எத்தனை பள்ளிகளில் கேட்டுவிட்டேன்!

ஆன்டெனா கூடினால் முப்பது கணினிக்கும் தனித்தனிப் பாதை கிடைத்துவிடாது. வை-ஃபையில் எல்லோருக்கும் பொதுவானது ஒரே காற்றுவெளி. ஒரு கணினி பேசும்போது மற்றவை பெரும்பாலும் காத்திருக்க வேண்டும். முப்பதும் ஒரே நிமிடத்தில் லாகின் செய்தால் வரிசை நீளத்தான் செய்யும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வை-ஃபை அலைவரிசைகளின் வேகத்தையும் கூட்டிப் போட்டது. எந்த ஒரு கணினிக்கும் அது முழுசாக வராது. இன்டர்நெட் பிளானை இரட்டிப்பாக்கினாலும் இந்த வரிசை குறையாது. இடம் மாறாத கணினிக்குக் கேபிள்தான். வை-ஃபையை லேப்டாப்புக்கும் டேப்லெட்டுக்கும் விட்டுவிடுங்கள்.

சரி, ஸ்விட்ச், அதாவது எல்லாக் கணினிகளின் கேபிள்களும் வந்து சேரும் பெட்டி. ஜிகாபிட்டாகவே (நொடிக்கு 1,000 மெகாபிட்) வாங்குங்கள். சர்வரிலிருந்து (கோப்புகளை வைத்திருக்கும் பொதுக் கணினி) 300 எம்பி கோப்பை 30 பேர் எடுத்தால் மொத்தம் 9,000 எம்பி. சர்வர் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 எம்பி) போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் துளையில், இருந்தால் குறைந்தது 12 நிமிடம் ஆகும். ஜிகாபிட்டில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். எட்டு போர்ட் ஸ்விட்ச்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகாதீர்கள். 48 போர்ட்டில் ஒன்றே போதும்.

லூப் தடுப்பு உள்ள மேனேஜ்டு ஸ்விட்ச்சாகவும் (அமைப்புகளை நாமே மாற்றக்கூடியது) இருக்கட்டும். ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்ச்சில் போய்ச் சேர்ந்தால் அதுதான் லூப். ஒரு பள்ளியில் தரையில் கிடந்த கேபிள் முனையை ஒரு மாணவன் காலி போர்ட்டில் செருகினான். மறுமுனை ஏற்கெனவே அதே ஸ்விட்ச்சில் இருந்தது. லேப் முழுக்க நின்றுபோனது. பாவம், அவனைத்தான் திட்டினார்கள். அவன் மேல் தப்பே இல்லை.

அப்புறம் கேபிள். கேட் 6 (நெட்வொர்க் கேபிளின் ஒரு தர வகை) என்று அச்சிட்டிருந்தாலும் நம்பாதீர்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு துண்டு வெட்டி, உள்ளே இருக்கும் கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்வரை செம்பு நிறம் என்றால் சரி. வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிரிம்ப் செய்த இடத்தில், அதாவது முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்திய இடத்தில், சீக்கிரம் தளர்ந்துபோகும். எட்டுக் கம்பியில் ஒன்று விட்டாலும் ஜிகாபிட் கிடைக்காது.

ஸ்விட்ச்சிலிருந்து கணினி வரை 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. மின்சார வயரோடு சேர்த்துக் கட்டக் கூடாது. கெஞ்சிக் கேட்கிறேன், சீலிங்கை மூடுவதற்கு முன் ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் எண் ஒட்டச் சொல்லுங்கள்.