அந்தோணியார் நெருப்பு: சொல் விளக்கம்

இடைக்கால ஐரோப்பாவின் மடங்களில் எழுதப்பட்ட ஆண்டுக்குறிப்புகளையும் மருத்துவமனைகளின் வரலாற்றையும் படிப்பவர்கள் 'புனித அந்தோணியாரின் நெருப்பு' என்ற தொடரை அடிக்கடி எதிர்கொள்வார்கள். இது வழிபாட்டில் ஏற்றிய தீயன்று. ஒரு நோயின் பெயர். பூஞ்சை பிடித்த ரை தானியத்தின் மாவில் சுட்ட ரொட்டியைத் தொடர்ந்து உண்டவர்களுக்குக் கைகால்களில் தாங்கவொண்ணாத எரிச்சல் கண்டு, பிறகு அவை மரத்து, குளிர்ந்து, கரியாகக் கறுத்து, கடைசியில் மூட்டோடு கழன்று விழுந்த கொடிய நோய் அது. எர்காட்டிசம் என்பது இன்றைய மருத்துவம் அதற்குத் தரும் பெயர். உணவும் உடல்நலமும் சமயமும் ஒரே சொல்லில் முடிச்சிடப்பட்டிருப்பதால் இதனைத் தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லை எங்கே ஆள்வது என்பதில் தடுமாற்றம் நேர்கிறது.

இந்தப் பெயருக்கு முன்னோடி 'இக்னிஸ் சாசெர்' என்ற இலத்தீன் தொடர். 'இக்னிஸ்' என்பது நெருப்பு. 'சாசெர்' என்ற அடைமொழியைப் பலரும் 'புனித' என்று பெயர்த்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் தெய்வத்துக்கென ஒதுக்கப்பட்டது, ஆகவே மனிதர் தீண்டக்கூடாதது, சபிக்கப்பட்டது என்ற இரு பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. மேலும், உரோமானியர் காலத்தில் இத்தொடர் ரை ரொட்டியோடு எந்தத் தொடர்பும் உடையதன்று. வெர்ஜில் கால்நடைக் கொள்ளைநோயைப் பாடும்போதும், மருத்துவ நூலாசிரியர் செல்சுஸ் தோல் நோய்களை வகைப்படுத்தும்போதும், சிவந்து கொப்புளித்துப் பரவும் தோல் நோய்களையே இதனால் குறித்தார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து வேறொரு நோய் ஊர் ஊராகக் கைகால்களைத் தின்றபோது, துறவிகள் தாங்கள் கற்ற இலத்தீனில் கைக்கெட்டிய பழைய பெயரை அதற்குச் சூட்டினார்கள். 'நரக நெருப்பு' என்று எழுதியவர்களும் உண்டு. பிரெஞ்சு மக்களோ 'எரிகிறவர்களின் நோய்' என்று சொல்லி வந்தார்கள்; என் கருத்தில் இவற்றுள் நோயாளியின் பக்கம் நின்று பார்க்கும் பெயர் இதுவே.

இந்நோயைக் குறிப்பதாகப் பொதுவாகக் கொள்ளப்படும் முதல் பதிவு, கீழ்ரைன் பகுதியோடு தொடர்புடைய சாந்தன் ஆண்டுக்குறிப்புகளில் 857ஆம் ஆண்டின் கீழ் உள்ளது. கொப்புளங்கள் வீங்கி, உடல் அழுகி, சாவதற்கு முன்பே உறுப்புகள் கழன்று விழுந்தன என்கிறது அது. 945ஆம் ஆண்டளவில் பாரிசைத் தாக்கிய நோயைப் பற்றி ரீம்சு நகரத்து ஃப்ளோடோவார் எழுதியிருப்பது இன்னும் கூர்ந்து படிக்கத்தக்கது. நோயாளிகள் மரியன்னை ஆலயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். ஃபிராங்கியக் கோமகன் ஹியூ அவர்களுக்கு நாள்தோறும் உணவளித்தார். அங்கே இருந்தவர்கள் தேறினார்கள். குணமானதாக எண்ணி வீடு திரும்பிய சிலருக்கு மீண்டும் எரிச்சல் மூண்டது. ஆலயத்துக்குத் திரும்பியதும் அது தணிந்தது. எழுதியவர் இதனை அன்னையின் அருளாகவே பதிந்தார். இன்று படிக்கும் நமக்கோ ஆலயத்தில் கிடைத்த ரொட்டிக்கும் வீட்டில் கிடைத்த ரொட்டிக்கும் இருந்த வேறுபாடுதான் முதலில் கண்ணில் படுகிறது. 1089ஆம் ஆண்டில் லொரேன் பகுதியை வாட்டிய நோயைக் குறித்து ழெம்புலூ மடத்துச் சிழெபேர், உள்ளுறுப்புகளைப் புனித நெருப்பு எரிக்க, கைகால்கள் கரிபோல் கறுத்தன என்று எழுதினார்.

வீட்டு ரொட்டியில் அப்படி என்ன இருந்தது என்பதை அறிய வயலுக்குப் போக வேண்டும். கோதுமை விளையாத மணற்பாங்கான, குளிர்ந்த, வளம் குன்றிய நிலத்திலும் ரை விளையும்; ஆகவே வட ஐரோப்பாவில் அது ஏழையின் தானியமாயிற்று. வெள்ளைக் கோதுமை ரொட்டி பிரபுவின் மேசைக்கும் வசதியான மடங்களுக்கும் போக, உழுதவன் வீட்டில் கருநிற ரை ரொட்டியே அன்றாட உணவு. ரை அயல் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கும் பயிர். வசந்தமும் கோடைத் தொடக்கமும் குளிர்ந்து ஈரமாக இருந்தால் பூக்கள் நெடுநேரம் திறந்தே கிடக்கும்; அப்போது 'கிளாவிசெப்ஸ் பர்ப்பூரியா' என்ற பூஞ்சை சூலகத்தைப் பற்றிக்கொள்ளும். முதலில் கதிரிலிருந்து பிசுபிசுப்பான இனிப்புத் திரவம் கசியும். அதை நாடிவரும் பூச்சிகள் பூஞ்சை வித்துகளைப் பக்கத்துப் பூக்களுக்கும் கொண்டுசேர்க்கும். பின்னர், தானியம் இருக்க வேண்டிய இடத்தில், எலிப்புழுக்கையை ஒத்த, சற்றே வளைந்த கருஊதா நிறக் கொம்பொன்று உமியைத் தள்ளிக்கொண்டு வெளியே நீட்டி நிற்கும்.

நல்ல விளைச்சல் உள்ள ஆண்டில் இந்தக் கொம்புகளைப் பொறுக்கி எறியலாம். முந்தைய ஆண்டின் களஞ்சியம் காலியாகி, அறுத்த கதிரை அன்றே அடித்து அரைக்கும் பஞ்ச காலத்தில் யார் பொறுக்குவார்? சேமித்து வைத்தால் நஞ்சின் வீரியம் ஓரளவு குறையும். புதுத் தானியத்தை உடனே உண்ணும் நிலையில் அந்தக் காப்பும் இல்லை. பஞ்சத்தை அடுத்தே நெருப்பு மூண்டதாகப் பல குறிப்புகள் சொல்வதன் பொருள் இதுவே.

கொம்பிலுள்ள அல்கலாய்டுகள் என்னும் நச்சு வேதிப்பொருள்கள் இரத்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்குகின்றன. இரத்தம் கடைசியாகப் போய்ச்சேரும் விரல்களும் பாதங்களும் முதலில் பட்டினி கிடக்கின்றன. எரிச்சலும் அதன்பின் உணர்விழப்பும் கருமையும் அதனால் விளைபவை. உலர்ந்து போன உறுப்பு அதிக இரத்தப்போக்கு இல்லாமலே பிரிந்து விழுந்ததும் இதனால்தான். ரைன் நதிக்கு மேற்கே, சிறப்பாகப் பிரான்சில், இந்த வகையே மிகுதி. கிழக்கே செருமானிய நிலங்களில் நரம்பைத் தாக்கும் வகை பரவலாக இருந்தது: தோலுக்கடியில் எறும்பூர்வது போன்ற குறுகுறுப்பு, உடல் முறுக்கும் இசிவு, மனப்பிறழ்வு. இந்த மனப்பிறழ்வைப் பற்றிக்கொண்டு, இடைக்காலத்தில் எவர் காட்சி கண்டாலும், எந்த ஊரில் சூனியக்காரி வழக்கு நடந்தாலும், அதற்கெல்லாம் பூஞ்சை ரொட்டியே காரணம் என்று எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது; சான்று காட்டாத அந்த விளக்கங்களைத் தள்ளி வைப்பதே நல்லது.

இனி, நெருப்புக்கு அந்தோணியார் எப்படி உரியவரானார் என்பதைப் பார்க்கலாம். இவர் தமிழகத்தில் பெரிதும் கொண்டாடப்படும் பதுவை நகர் அந்தோணியார் அல்லர்; எகிப்தின் பாலைவனத்தில் தவம் இருந்து 356ஆம் ஆண்டில் இறந்தவரும், தமிழ்க் கத்தோலிக்கர் 'வனத்து அந்தோணியார்' என்று வணங்குபவரும், சனவரி 17ஆம் நாள் திருவிழா காண்பவருமான துறவி. அவருடையவை என்று நம்பப்பட்ட எலும்புகள் 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து தென்கிழக்குப் பிரான்சின் தோஃபினே பகுதிக்கு வந்து சேர்ந்தன. எரிச்சலால் துடித்தவர்கள் அங்கே திரண்டார்கள். காஸ்தோன் என்ற பிரபு, தம் மகன் அங்கே நோய் நீங்கியதற்கு நன்றியாக 1095ஆம் ஆண்டளவில் நோயாளிகளைப் பேணும் ஒரு கூட்டத்தைத் தொடங்கினார் என்பது அச்சபையின் மரபு. பொதுநிலையினர் கூட்டமாகத் தொடங்கிய அது 1297ஆம் ஆண்டில் எட்டாம் போனிஃபாஸ் திருத்தந்தையால் புனித அகுஸ்தீன் பெயரால் வழங்கும் துறவற ஒழுங்கின்கீழ் சபையாக்கப்பட்டது. அவர்கள் கறுப்பு அங்கியில் 'தௌ' என்ற கிரேக்க எழுத்தை நீல நிறத்தில் அணிந்தார்கள்; 15ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஐரோப்பாவெங்கும் 300க்கும் மேற்பட்ட மருத்துவ இல்லங்களை நடத்தினார்கள். நோயின் பெயர், நோய் தரும் உணர்ச்சியிலிருந்து நோய் தீர்ப்பவரின் பெயருக்கு நகர்ந்தது இப்படித்தான். நம்மூரில் அம்மையை அம்மன் பெயரால் அழைப்பதை அறிந்தவர்களுக்கு இந்நகர்வு வியப்பளிக்காது.

அந்த இல்லங்களில் நடந்த சிகிச்சையில் பக்தியும் கைத்திறனும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. புனிதரின் எலும்புகளின்மேல் ஊற்றி எடுத்த திராட்சை இரசம் நோயாளிக்கு மருந்தாயிற்று. பன்றிக் கொழுப்பில் மூலிகை சேர்த்துக் குழைத்த களிம்பு புண்ணுக்குப் பூசப்பட்டது. இதற்காகவும் உணவுக்காகவும் சபையினர் வளர்த்த பன்றிகள் கழுத்தில் மணியோடு தெருவில் சுதந்திரமாகத் திரிய உரிமை பெற்றிருந்தன. அந்தோணியார் படத்தில் காலடியில் பன்றியும் மணியும் இடம்பெறுவது இதனால். கறுத்த உறுப்பை அறுவை மருத்துவர்கள் வெட்டி நீக்கினார்கள். உறுப்பிழந்தவர்களை இறுதிவரை வைத்துக் காப்பதற்கென்றே தாய் மடம் இருந்த ஊரில் தனி இல்லம் இருந்தது.

அல்சாஸ் பகுதியின் இசென்ஹைம் ஊரில் இச்சபை நடத்திய இல்லத்துக்காக செருமானிய ஓவியர் மத்தியாஸ் குரூனெவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் தீட்டிய பலிபீட ஓவியப் பலகைகள் இன்று கோல்மார் நகரின் உன்டர்லின்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்தோணியாரைப் பேய்கள் அலைக்கழிக்கும் பலகையின் கீழ் இடப்பக்க மூலையில் வயிறு உப்பி, தோலெல்லாம் புண் வெடித்து, கை சிதைந்த ஓர் உருவம் சாய்ந்து கிடக்கிறது. எதிர் மூலையில் ஒரு தாள்: 'நல்ல இயேசுவே, எங்கே இருந்தீர்? என் காயங்களை ஆற்ற ஏன் வரவில்லை?' நோயாளிகள் வழிபட்ட இடத்தில் இக்கேள்வியை எழுதி வைக்கத் துணிந்த சபையின் மனத்திண்மை குறிப்பிடத்தக்கது.

புனிதரின் எலும்போ களிம்போ நோயைத் தீர்த்திருக்க வழியில்லை. நோயாளி தன் ஊர் ரையை விட்டு விலகி, வழிநடையாக வந்து, மடத்தின் கோதுமை ரொட்டியை உண்டார். நஞ்சு உட்செல்வது நின்றது. சரியான சிகிச்சை, காரணம் அறியப்படுவதற்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. 1597ஆம் ஆண்டில்தான் மார்பர்க் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தினர் நோயைக் கெட்ட தானியத்தின் ரொட்டியோடு தொடர்புபடுத்தினார்கள். 1676ஆம் ஆண்டில் மருத்துவர் தெனி தொதார் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு அதே முடிவை எழுதினார். கருங்கொம்பு கெட்டுப்போன தானியமன்று, பூஞ்சையின் ஒரு பருவம் என்பதைப் பூஞ்சை ஆய்வாளர் லூயி துலான் தெளிவாக நிறுவியது 1853ஆம் ஆண்டில்.

'எர்காட்' என்ற சொல் சேவலின் கால்முள்ளைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லான 'ஆர்கோ' என்பதிலிருந்து வந்தது; கொம்பின் வளைவே காரணம். மருந்துக்கடை இலத்தீன் 'கொம்பு முளைத்த ரை' என்றது. செருமானியர் 'முட்டர்கோர்ன்', அதாவது தாய்த் தானியம், என்றார்கள். அந்த மொழியில் தாயைக் குறிக்கும் சொல் முன்பு கருப்பையையும் குறித்தது. பேறுகால வலியைத் தூண்ட மருத்துவச்சிகள் இதைக் கொடுத்ததைச் செருமானிய மூலிகை நூலாசிரியர் ஆடம் லோனிட்சர் 1582ஆம் ஆண்டில் பதிந்திருக்கிறார். மகப்பேற்றுக்குப் பின் உதிரப்போக்கை நிறுத்த இன்றும் போடப்படும் மெத்தைல் எர்கோமெட்ரின் ஊசி இந்தக் கொம்பின் வழிவந்ததே.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'அக்கி' என்று பெயர்க்கலாமா என்று சிலருக்குத் தோன்றும். வடமொழி 'அக்னி'யிலிருந்து பிராகிருத வழியாகத் தமிழுக்கு வந்த அச்சொல், கொப்புளித்து எரியும் தோல் நோயைக் குறிப்பதால் பொருத்தம் கண்ணைக் கவர்கிறது. குயவர்கள் காவியைக் குழைத்து அக்கி எழுதும் வழக்கமும் சமயச் சாயல் உடையது. ஆனால் அக்கி என்பது இன்று வைரசால் வரும் நோய். அதில் கைகால் கறுத்து விழுவதில்லை. இத்தாலியர் இன்றும் அதே அக்கியைத்தான் 'அந்தோணியார் நெருப்பு' என்கிறார்கள் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். ஆகவே உரோமானியர் காலத்து 'இக்னிஸ் சாசெர்' வரும் இடத்தில் அக்கி என்று எழுதுவது ஏற்புடையது. 945ஆம் ஆண்டுப் பாரிசைப் பற்றி எழுதும்போது அது தவறு. அங்கே 'அந்தோணியார் நெருப்பு' என்றே எழுதி, முதல் முறை வரும்போது மட்டும் பூஞ்சை நஞ்சால் வந்த நோய் என்று ஒரு வரி சேர்க்கலாம். 1095ஆம் ஆண்டுக்கு முந்தைய குறிப்புகளுக்கு அந்தப் புனிதர் பெயர் காலத்தால் பிந்தியது என்று கறாராகப் பார்ப்பவர்கள், மேற்சொன்ன பிரெஞ்சு வழக்கை ஒட்டி 'எரிநோய்' என்று ஆளலாம்.

பயிர் நோய்க்கு நாம் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. கம்பிலும் சோளத்திலும் இதே பேரினப் பூஞ்சைகள் வருகின்றன. கதிரில் கசியும் திரவத்தைப் பார்த்து வேளாண் துறையினர் 'தேன் ஒழுகல் நோய்' என்று பெயரிட்டு, உழவரிடையே புழக்கத்தில் விட்டிருக்கிறார்கள். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் பூஞ்சைக் கொம்புகள் மிதக்கும், அள்ளி எறிந்துவிட்டு விதையை நல்ல நீரில் கழுவிக்கொள்ளலாம் என்பது அவர்கள் சொல்லித்தரும் முறை. ஆனால் இந்தப் பெயர் நோயின் முதல் பருவத்தைச் சொல்கிறதே தவிர, ரொட்டியில் அரைபட்ட கருங்கொம்பைச் சொல்வதில்லை; அதற்கு 'எர்காட் கொம்பு' என்பது போதும். இன்னொன்று, ரை வேறு, கம்பு வேறு. 1975ஆம் ஆண்டில் இராசத்தானில் நோய் பிடித்த கம்பை உண்டவர்களுக்கு வாந்தியும் தலைசுற்றலும் தூக்க மயக்கமும் வந்தன. கம்புப் பூஞ்சையின் அல்கலாய்டுகள் வேறு வகை என்பதால் எவருக்கும் விரல் கறுக்கவில்லை. அதனை அந்தோணியார் நெருப்பு என்று எழுதக்கூடாது. 'எர்காட் நஞ்சு' என்பதே அதற்குச் சரியான சொல்.