சக்கர நாற்காலியை ஏற்ற மறுக்கும் டாக்சி: முறைப்பாட்டை எங்கே கொடுப்பது?

வாசலில் வந்து நின்ற மினிகேப், மடித்த சக்கர நாற்காலியைக் கண்டதும் “வேற வண்டி புக் பண்ணுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போய்விடும். இன்னொன்று, நாற்காலியை ஏற்றுவதற்கென்று தனியாகக் காசு கேட்கும். இங்கிலாந்தில் அம்மா அப்பாவை டயலிசிஸுக்கும் ஸ்கானுக்கும் கூட்டிப்போகிற எங்கள் ஆட்கள் பலர், பிரச்சினை வேண்டாமென்று கேட்ட காசைக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கத் தேவையில்லை.

2010 சமத்துவச் சட்டத்தில் இதற்கு விதி இருக்கிறது. 2022 ஜூன் 28 முதல் அது இன்னும் இறுகியிருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து சீட்டில் உட்காரக்கூடியவரைச் சாதாரண வண்டியும் ஏற்ற வேண்டும், நாற்காலியை டிக்கியில் வைக்க வேண்டும், ஏறி இறங்க உதவ வேண்டும், ஒரு பென்னிகூட அதிகம் வாங்கக் கூடாது. நாற்காலியை ஏற்றும் சாய்வுப் பலகையை விரித்து, பெல்ட் போட்டு முடிக்கும்வரை மீற்றர் ஓடவும் கூடாது. மீறினால் 1000 பவுண் வரை தண்டம். மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் புக்கிங்கை மறுக்கும் கம்பனிக்கும் இதே தண்டம்தான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டைகளைப் பாருங்கள்.

முதலாவது, “நாற்காலியோடு ஏறும் வண்டி எங்களிடம் இல்லை” என்று கம்பனி சொன்னால் சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியான வண்டிகளை வைத்திருக்கும்படி இந்த விதி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே நாற்காலியிலேயே உட்கார்ந்து போக வேண்டியவர்கள் உள்ளூர் கவுன்சிலின் இணையத்தளத்தில் உள்ள, அப்படியான வண்டிகளின் பட்டியலைத் தேடி எடுங்கள். அதை வெளியிடுவது இப்போது கட்டாயம். ஆனால் சில தளங்களில் அது எந்த மூலையில் கிடக்கிறதென்று கண்டுபிடிப்பதே தனி வேலை. பட்டியலில் இருக்கும் வண்டியும் எல்லா நாற்காலிக்கும் பொருந்தாது. 120 சென்ரிமீற்றர் நீளம், 70 அகலம் கொண்ட நாற்காலியை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். மோட்டர் நாற்காலி என்றால் அளந்து, புக் பண்ணும்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, “முதுகு வலி, எனக்கு விலக்கு இருக்கு” என்று சொல்லும் சாரதி. அந்த விலக்கை அறிவிக்கும் அட்டை வண்டியில் தெரியும்படி இருக்க வேண்டும். இருந்தாலும் அது தூக்கி உதவுவதிலிருந்து மட்டும்தான் விலக்கு. ஏற்ற மறுக்கவோ கூடக் காசு கேட்கவோ அது அனுமதி தராது.

பலர் தடுக்கி விழுவது முறைப்பாட்டில்தான். உங்கள் கவுன்சிலுக்கு எழுதுவீர்கள். சில வாரம் கழித்து “இது எங்கள் சாரதி இல்லை” என்று ஒற்றை வரிப் பதில் வரும். லைசென்ஸ் கொடுத்தது வேறு கவுன்சிலாக இருக்கலாம். வொல்வர்ஹாம்ப்டன் நகரக் கவுன்சிலின் லைசென்ஸோடு நாடு முழுக்க வண்டிகள் ஓடுகின்றன. லண்டனில் என்றால் லைசென்ஸ் கவுன்சிலுடையதே அல்ல, லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல்லுடையது. ஆகவே சண்டை பிடிப்பதை விட்டுவிட்டு வண்டியின் லைசென்ஸ் தகட்டைப் படம் எடுங்கள். எந்தக் கவுன்சில் என்பதும் வண்டியின் லைசென்ஸ் எண்ணும் அதிலேயே இருக்கும். நேரம், இடம், புக்கிங் செய்தி, சாரதி சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

“கம்பனியிடம் கதையுங்கள்” என்று கவுன்சில் திருப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சம்பவம் நடந்து 6 மாதத்துக்குள் கவுன்சில் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகாவிட்டால் வழக்கே இல்லை. மின்னஞ்சலுக்குப் பதில் போடவே சில அலுவலகங்களுக்கு அதில் பாதி போய்விடும்! சமத்துவச் சட்டத்தின் பிரிவு 164ஏ அல்லது 165 என்று குறிப்பிட்டு, கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் நீங்களே எழுதி அனுப்புங்கள். வழக்குப் போடாவிட்டாலும் சாரதியின் லைசென்ஸை மறுபரிசீலனை செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போன டாக்சிக் காசைக் குறைந்த வருமானக்காரர்கள் அரச மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸிடம் திரும்பக் கேட்கலாம். ஆனால் டாக்சியில் போக முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். போய் வந்த பிறகு ரசீதை மட்டும் நீட்டினால் கவுண்டரில் தலையை ஆட்டி அனுப்பிவிடுவார்கள்.