தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்கு வருமா? சட்டமும் 14416 சேவையும்

தற்கொலைக்கு முயன்ற ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பத்துக்கு, உயிர் பிழைக்க வேண்டுமே என்ற பதற்றத்தோடு போலீஸ் பயமும் சேர்ந்துகொள்கிறது. "உண்மையைச் சொன்னா கேஸ் ஆயிடும், வயித்து வலின்னு சொல்லிடுங்க" என்று வாசலிலேயே யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். அதை நம்பி மருத்துவர் வயிற்று வலிக்கு வைத்தியம் பார்த்தால், உயிரைக் காப்பாற்ற வேண்டிய நேரம் வீணாகிவிடும். நடந்ததை நடந்தபடி மருத்துவரிடம் சொல்லுங்கள். அதனால் தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்கு வராது.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவில் தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை இருந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு அதன் பல்லைப் பிடுங்கியது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது அது. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 309-க்கு இணையான பிரிவே இல்லை. ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. அரசு ஊழியரை ஒரு வேலையைச் செய்யவைக்க அல்லது செய்யவிடாமல் தடுக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு தற்கொலைக்கு முயல்வது, 226-ஆவது பிரிவின்படி இன்றும் குற்றம்தான். வீட்டுப் பிரச்சினை, கடன், தேர்வு, நோய் என்று மனம் உடைந்தவருக்கு இது பொருந்தாது.

அப்புறம் ஏன் போலீஸ் வருகிறது? மருத்துவமனை இதை எம்.எல்.சி. (போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவப் பதிவு) என்று பதிவு செய்து காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பும். எம்.எல்.சி. போட்டாலே வழக்கு என்று ஆகாது. யாராவது கொடுமைப்படுத்தினார்களா, தூண்டினார்களா என்று தெரிந்துகொள்ள வாக்குமூலம் வாங்குவார்கள். போலீஸ் வரட்டும் என்று அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1989-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும்.

115-ஆவது பிரிவின் இரண்டாம் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. முயன்றவர் மறுபடி அந்த நிலைக்குப் போகாதபடி பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்று அது சொல்கிறது. ஒருமுறை முயன்றவருக்கு மறுபடி ஆபத்து வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் இது முக்கியம். உடம்பு தேறியதும் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். "மனநல மருத்துவரையும் பார்க்கணும்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் ஆலோசனையும் மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கும்.

அந்த நிலைக்குப் போகும் முன்பே உதவி கேட்க இருப்பதுதான் 14416. டெலி மானஸ் என்ற பெயரில் மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய சேவை இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார், அல்லது பக்கத்தில் எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று வழிகாட்டுவார். தற்கொலை எண்ணம் வந்தால்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. தூக்கம் வரவில்லை, ரிசல்ட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றாலும் கூப்பிடலாம். மகனை நினைத்துக் கவலைப்படும் அம்மாவும் கூப்பிடலாம். 104-க்கு அழைத்தாலும் ஆலோசனை கிடைக்கும். அரசு எண் வேண்டாம், யாராவது காது கொடுத்துக் கேட்டால் போதும் என்பவர்களுக்குச் சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தொண்டு நிறுவனம் இருக்கிறது: 044-24640050. ஆனால் ஆபத்து ஏற்கெனவே நடந்துவிட்டால் இந்த எண்களில் நேரத்தைக் கழிக்க வேண்டாம், உடனே 108.

பக்கத்தில் இருப்பவர் மீது சந்தேகம் வந்தால் நேரடியாகவே கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று தயங்க வேண்டாம், அப்படி ஆகாது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், "உனக்கென்ன குறை" என்று ஆரம்பிக்காதீர்கள், தனியாக விடாதீர்கள். உங்கள் போனிலிருந்தே 14416-ஐ அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.

சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் இருக்கிறது. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு. தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பத்தினரும், எத்தனை மாதம் கழித்தானாலும், இதே 14416-இல் பேசலாம்.