மாக்குமென்டரி: போலியா, புனைவா?

1995 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை இரவு. நியூசிலாந்துத் தொலைக்காட்சியில் ‘ஃபர்காட்டன் சில்வர்’ என்றொரு ஆவணப்படம் ஓடுகிறது. கொலின் மெக்கென்சி என்ற உள்நாட்டுத் திரைமேதையை உலகம் மறந்துபோன கதை. முட்டையிலிருந்து ஃபிலிம் செய்தவராம். உலகின் முதல் பேசும்படத்தையும் அவர்தான் எடுத்தாராம். ஆனால் நடிகர்கள் பேசியது சீனம், ஒன்றும் புரியாமல் கூட்டம் எழுந்து போய்விட்டதாம். அவர் எடுத்த இன்னொரு துண்டுப் படத்தில் ரிச்சர்ட் பியர்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் விமானத்தில் எழும்புகிறார். வேடிக்கை பார்க்கும் ஒருவரின் பையில் செய்தித்தாள் துருத்திக்கொண்டிருக்கிறது. அதைக் கணினியில் பெரிதாக்கித் தேதியைப் படிக்கிறார்கள்: 1903 மார்ச். ரைட் சகோதரர்கள் பறந்ததோ அந்த ஆண்டு டிசம்பரில்.

நம்ம ஆள் முந்திவிட்டான் என்று எத்தனை வீடுகளில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்! அப்புறம் விஷயம் வெளியே வந்தது. பியர்ஸ் நிஜமான மனிதர். மெக்கென்சி என்று ஒருவர் பிறக்கவே இல்லை. எல்லாம் இயக்குநர்கள் பீட்டர் ஜாக்சனும் கோஸ்டா போட்ஸும் சேர்ந்து செய்த வேலை. ரசித்துச் சிரித்தவர்கள் இருந்தார்கள். பத்திரிகைகளுக்குக் கொதித்துக் கடிதம் எழுதியவர்களும் இருந்தார்கள். வழக்கமாக நாடகங்கள் வரும் நேரத்தில்தான் படம் ஒளிபரப்பானது. அதுவே ஒரு குறிப்பு என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

இந்த வகைப் படத்துக்கு ஆங்கிலத்தில் மாக்குமென்டரி என்று பெயர். தமிழில் சினிமா பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதையே அப்படியே சொல்கிறார்கள். மொழிபெயர்க்க முயல்கிறவர்கள் ‘போலி ஆவணப்படம்’ என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் உறுத்துகிறது. ஏன் என்று சொல்ல, சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மாக் என்பதையும் டாக்குமென்டரி என்பதையும் ஒட்டிச் செய்த ஒட்டுச்சொல் இது. 1960களில் உருவானது. இல்லாத ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றி ராப் ரெய்னர் 1984இல் எடுத்த ‘திஸ் இஸ் ஸ்பைனல் டாப்’ படத்துக்குப் பிறகுதான் பரவலாகப் புழங்க ஆரம்பித்தது. மாக் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல், கேலி செய்வது அதன் மூலப்பொருள். கேலி செய்ய எளிய வழி எதிராளியைப்போலவே நடந்து காட்டுவது. அப்படித்தான் ‘போலச் செய்வது’ என்ற பொருளும் ஏறிக்கொண்டது. மாக் டெஸ்டில் கேலி கிடையாது, அது மாதிரித் தேர்வு. மாக் டிரில்லை ஒத்திகை என்கிறோம். ஆக, ஒரே மாக் தமிழுக்கு வரும்போது மாதிரி, ஒத்திகை, எள்ளல் என்று இடத்துக்கு ஏற்ற சட்டை போட்டுக்கொள்கிறது.

டாக்குமென்டரியின் வேரில் இருப்பது ‘கற்பித்தல்’ என்று பொருள்படும் லத்தீன் சொல். பிரிட்டிஷ் ஆவணப்பட முன்னோடி ஜான் கிரியர்சன் 1926இல் ஒரு பட விமர்சனத்தில் எழுதியதிலிருந்து அது சினிமாச் சொல்லானது. உள்ளதைக் கலைநயத்தோடு கையாள்வதுதான் ஆவணப்படம் என்றவரும் அவரே. அந்தக் ‘கையாளுதல்’ எவ்வளவு தாராளமானது என்பதற்கு பனிப்பிரதேசத்தில் வாழும் ஒரு இனுயிட் வேட்டைக்காரரின் குடும்பத்தைப் பற்றி 1922இல் வந்த ‘நானூக்’ ஆவணப்படமே சாட்சி. பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று ஒரு பக்கம் திறந்த பாதி வீட்டைக் கட்டி, அதற்குள் குடும்பத்தைத் தூங்க வைத்துப் படம் பிடித்தார்கள். நானூக் என்ற பெயரும் அந்த மனிதருடைய சொந்தப் பெயர் இல்லை. அசலே இந்த லட்சணம் என்றால் நகலை மட்டும் பிடித்து உலுக்குவானேன்?

சரி, தமிழுக்கு வருவோம். ஆவணம் என்ற சொல் பழைய இலக்கியத்தில் கடைத்தெருவையும் குறிக்கும், உரிமைப் பத்திரத்தையும் குறிக்கும். நமக்கு நிலைத்தது இரண்டாவது. பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணத்தில் ஒரு முதியவர் ஓலையோடு வந்து, நீ எனக்கு வழிவழி அடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படிதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. பாட்டனார் கையெழுத்தை வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஆவணம் என்றதும் ‘இது உண்மையா’ என்ற கேள்வி நம் மொழியில் கூடவே வந்து நிற்பது இன்று நேற்றுப் பழக்கமல்ல.

அதனால்தான் ‘போலி ஆவணம்’ என்று காதில் விழுந்தவுடன் நில மோசடியும் கைதும் நினைவுக்கு வருகின்றன. பின்னால் ‘படம்’ என்று சேர்த்தாலும் அந்த வாடை போவதில்லை. போலிப் பத்திரங்களைப் பற்றிய படம் என்றுகூட ஒருவர் புரிந்துகொள்ளலாம்.

இத்தனைக்கும் போலி தவறே செய்யாத சொல். ‘போல்’ என்பதிலிருந்து வந்தது. ஒன்றைப்போல இருப்பது, அவ்வளவுதான். இலக்கணத்தில் பந்தல் பந்தர் ஆகும், அறம் அறன் ஆகும், ஐந்து அஞ்சு ஆகும். எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. அதற்குப் பெயர் போலி. இல்முன் என்பது முன்றில் என்று இடம் மாறி நின்றால் இலக்கணப்போலி. தொல்காப்பியம் உவமப்போலி என்றும் ஒன்றைச் சொல்கிறது. இந்தப் பொருள் மட்டும் இருந்திருந்தால் மாக்குமென்டரிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் போலி மருத்துவரும் போலிச் சான்றிதழும் வந்து அந்த வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். இனி காலி செய்யச் சொல்ல முடியாது.

‘எள்ளல் ஆவணப்படம்’ என்று வைக்கலாமா? நகைச்சுவைப் படங்களுக்கு ஒத்துவரும். ஆனால் பிரிட்டிஷ் இயக்குநர் பீட்டர் வாட்கின்ஸின் ‘தி வார் கேம்’ இருக்கிறதே. பிரிட்டன் மீது அணுகுண்டு விழுந்தால் என்னாகும் என்பதைச் செய்திப்படம்போலவே எடுத்தார். சிரிக்க அதில் எதுவும் இல்லை. எடுக்கச் செய்த பிபிசியே மிரண்டுபோய், 1985 வரை ஒளிபரப்பாமல் வைத்திருந்தது. நடக்காத ஒன்றைக் காட்டிய அந்தப் படத்துக்கு 1967இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது!

ஆனாலும் எள்ளல் என்ற சொல்லை அப்படியே விட மனமில்லை. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து நகை பிறக்கும் என்பது தொல்காப்பியம். இதில் எள்ளலுக்கு உரை சொன்னவர்கள் இரண்டு பக்கத்தையும் பார்த்திருக்கிறார்கள்: பிறரை எள்ளித் தான் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானே சிரிப்பது இன்னொன்று. ஏமாந்த பார்வையாளருக்கு இரண்டாவது சிரிப்பு வருமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1957 ஏப்ரல் 1 அன்று மாவில் செய்யும் இத்தாலிய உணவான ஸ்பகெட்டியை சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து அறுவடை செய்வதாக பிபிசி காட்டியது. எங்கள் வீட்டில் வளர்ப்பது எப்படி என்று கேட்டுச் சிலர் தொலைபேசியில் அழைத்தார்கள். தேதியைப் பார்த்ததும் அசட்டுச் சிரிப்போடு முடிந்துபோகும் விஷயம் அது. 1992 அக்டோபர் 31 இரவு அதே பிபிசி காட்டிய ‘கோஸ்ட்வாட்ச்’ அப்படி முடியவில்லை. பேய் நடமாடும் ஒரு வீட்டிலிருந்து நேரலை என்ற பாவனை. நிலையத்தில் உட்கார்ந்து நடத்தியவர் மக்களுக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்த மைக்கேல் பார்க்கின்சன். திரையில் ஒரு தொலைபேசி எண் ஓடியது. அழைத்தால், இது கற்பனைதான் என்று பதிவுக்குரல் சொல்லும். ஆனால் அழைப்புகள் குவிந்து இணைப்பு கிடைக்காமல் போக, பலர் கேட்டது ‘பிஸி’ ஒலியை மட்டும்தான். சந்தேகத்தைத் தீர்க்க வைத்த கதவே பயத்தைக் கூட்டிவிட்டது. குழந்தைகள் மிரண்டதைப் பற்றி மருத்துவ இதழில் குறிப்பு எழுதும் அளவுக்குப் போனது. பிரிட்டன் தொலைக்காட்சியில் அது மறுபடி வரவே இல்லை. ஏமாந்ததைவிட, நம்பிய முகம் ஏமாற்றியதுதான் அவர்களுக்கு வலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வகையும் உண்டு. வில்லியம் கரெல் 2002இல் எடுத்த படம், நிலவில் மனிதன் இறங்கிய காட்சியே ஸ்டூடியோவில் எடுத்தது என்று ‘நிரூபிக்கும்’. கடைசியில், பேசியவர்கள் வசனத்தை மறந்து சிரிக்கும் காட்சிகளையும் வைத்து, எல்லாம் விளையாட்டு என்று காட்டிவிடுகிறார். ஆனால் அந்தக் கடைசிப் பகுதி இல்லாமல் துண்டுகள் மட்டும் சுற்றி, நிலவுப் பயணத்தை நம்பாதவர்கள் கையில் ஆதாரமாகிவிட்டன. 2012இல் அனிமல் பிளானட் கடற்கன்னிகளைப் பற்றி இப்படியொரு படம் போட்டபோது, அமெரிக்க அரசின் கடல் ஆய்வு நிறுவனமே, கடல்வாழ் மனிதர்களுக்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை என்று அறிவிக்க வேண்டி வந்தது. அங்கே எள்ளலும் இல்லை, கண்சிமிட்டலும் போதவில்லை. அதைப் போலி என்றே சொல்லலாம், மறுக்க மாட்டேன்.

மற்றவற்றுக்கு? புனைபெயர் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. எழுத்தாளர் வேறு பெயரில் எழுதினால் அது பொய்ப்பெயர் ஆவதில்லை, யாரும் வழக்குப் போடுவதில்லை. அதே ஆள் வேறு பெயரில் சொத்து வாங்கினால் கதை வேறு. இரண்டுமே பிறப்பில் வைத்த பெயரல்ல, ஆனாலும் தமிழ் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. அந்தப் ‘புனை’யை எடுத்து ‘புனை ஆவணப்படம்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. எள்ளும் படமும் அதற்குள் அடங்கும், வாட்கின்ஸின் படமும் அடங்கும்.

சேர்த்து எழுதும்போது மட்டும் ஒரு வம்பு. புனை, ஆவணம் இரண்டுக்கும் நடுவே யகரம் வந்து ‘புனையாவணம்’ ஆகிவிடும். படிப்பவர் கண் ‘புனையா’ என்ற இடத்தில் நின்றுவிடும். நெடுநல்வாடையில் ‘புனையா ஓவியம்’ என்றால் வண்ணம் தீட்டாத ஓவியம். அந்தக் கணக்கில் இது புனையாத ஆவணம், அதாவது அசல் என்று படும். அதனால் நான் நடுவில் இடம் விட்டே எழுதுகிறேன்.