செகண்ட் ஹேண்ட் மோட்டார் போட்டா? முதல்ல பின்னாடி இருக்குற நம்பரைப் படிங்க

பழைய சின்ன மோட்டார் போட் பார்க்கப் போறவங்க எல்லாரும் நேரா இன்ஜின் மூடியத்தான் தூக்குறாங்க. இன்ஜினை மாத்திக்கலாம்ங்க, ஆனா போட்டோட ஜாதகத்துல கோளாறுன்னா காசு குடுத்தும் அது உங்களுது இல்லன்னு ஆயிடும். அந்த ஜாதகம்தான் ஹல் நம்பர், அதாவது போட்டோட உடம்புல பதிச்சிருக்குற அடையாள நம்பர்.

முன்பக்கம் பார்த்து நின்னா வலது கைப் பக்கம் வரும்ல, அந்தப் பக்கம் பின்பலகையோட, அதாவது போட்டோட பின்பக்கத்தை மூடுற பலகையோட வெளிப்புறத்துல மேல் ஓரமா இருக்கும். அமெரிக்காவுல 1972 நவம்பர்ல இருந்து தயாரான போட்டுக்கு இது கட்டாயம், எழுத்தும் எண்ணுமா மொத்தம் 12. ஐரோப்பாவுல முன்னாடி நாட்டோட குறியும் சேர்ந்து 14. அமெரிக்க நம்பர்ல முதல் மூணு எழுத்து கம்பெனி, அடுத்த அஞ்சு சீரியல். 1984 ஆகஸ்டுக்கு அப்புறம் வந்த போட்டா இருந்தா கடைசி நாலுலதான் வயசு இருக்கு. ஏ ஜனவரி, பி பிப்ரவரின்னு எண்ணிட்டே போனா எல் டிசம்பர், அதுக்கு அடுத்தது தயாரிச்ச வருஷத்தோட கடைசி இலக்கம், அப்புறம் மாடல் வருஷம். எச் 7 0 8ன்னு முடிஞ்சா 2007 ஆகஸ்ட்ல செஞ்ச 2008 மாடல். விக்கிறவர் "2012 மாடல் சார்"னு சொன்னா அங்கயே சிரிச்சிட்டு வந்துடலாம். சீரியல்ல ஐ, ஓ, க்யூ எழுத்து வராது, இருந்தா யாரோ கைவச்சிருக்காங்க. சுரண்டின தழும்பு, அந்த இடத்துல மட்டும் புது பெயின்ட், இதெல்லாம் தெரிஞ்சா விலை எவ்ளோ குறைச்சாலும் வேணாம். இதே நம்பர் உள்ள மறைவா இன்னொரு இடத்துலயும் இருக்கும், அழிக்கிறவனுக்கு அது பல நேரம் தெரியாது.

அடுத்தது ஸ்டியரிங் பக்கத்துல இருக்குற தகடு. அமெரிக்காவுல 20 அடிக்கு உள்ள இருக்குற சாதா மோட்டார் போட்ல எத்தனை பேர், எவ்ளோ எடை, அவுட்போர்டுன்னா (இன்ஜின் பின்னாடி வெளியில தொங்குற வகை) அதிகபட்சம் எத்தனை குதிரைசக்தின்னு போட்டிருக்கணும். ஐரோப்பா தகட்டுல ஏ, பி, சி, டின்னு தரம் இருக்கும். டி தரம்னா அலை 0.3 மீட்டர், எப்பவாவது 0.5, அவ்ளோதான் தாங்கும், சின்ன ஏரி குளம். சி தரம்னா 2 மீட்டர் வரைக்கும். டி போட்டை வாங்கிட்டு கடலுக்குப் போறேன்னு கிளம்பிடாதீங்க.

தகட்டுல 60 குதிரைசக்தின்னு இருக்கும், பின்னாடி 90 தொங்கும், இது ரொம்ப சகஜம். பழைய ஓனருக்கு வேகம் பிடிச்சிருக்கும், ஆனா விபத்துன்னா இன்சூரன்ஸ்காரங்க கையை விரிக்க அதுவே போதும், பின்பலகையும் அத்தனை நாள் தாங்கக்கூடாத எடையையும் தள்ளுவிசையையும் தாங்கியிருக்கு. இன்ஜினோட அடிப்பக்கத்தைப் பிடிச்சு மேலயும் கீழயும் அழுத்திப் பாருங்க, பலகை அசைஞ்சா உள்ள இருக்குற மரம் உளுத்துப்போயிருக்கலாம்.

பேப்பர்ல இருக்குற நம்பரையும் போட்ல இருக்குறதையும் ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க, கடன் பாக்கி இருக்கான்னு பதிவு ஆபீஸ்ல கேளுங்க, பல இடத்துல கடன் ஆளோட போகாது போட்டோடதான் வரும். இன்ஜினுக்கு தனி சீரியல், டிரெய்லருக்கு தனி நம்பர், ரெண்டையும் விற்பனை ரசீதுல எழுதி வாங்கிக்கோங்க.